பதினொரு வரிச் செய்தியும் கழுவாத துப்பாக்கியும்

காரைக்காலில் இப்போது செய்தியாளர்கள் கைபேசியிலேயே செய்தியை அனுப்பிவிடுகிறார்கள். போன மாதம் ஒருவர் விபத்துச் செய்தியில் ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார். நான்காவது நிமிடம் அது திருத்தப்பட்டது. டீக்கடையில் பார்த்தபோது நான் அதைப் பற்றிக் கேட்டேன். "அதான் மாத்தியாச்சே சார்" என்றார். அவருக்கு அது மறந்தே போயிருந்தது. செய்தியாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவரும் நண்பர்களும் கேட்டார்கள். தலைவர்களைப் பார்த்தது, புயலில் சிக்கியது என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதுவது ஒரு சின்னச் செய்தியைப் பற்றி. அச்சில் பதினொரு வரி.

ஒரு தமிழ் நாளிதழுக்கு இருபத்தாறு ஆண்டுகள் காரைக்கால் செய்தியாளராக இருந்தேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் திருச்சிப் பதிப்பில் மெய்ப்புப் பார்த்தேன். அங்கே கற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம்: பெயர், வயது, ஊர் மூன்றையும் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்; கேட்டதையும் பார்த்ததையும் கலக்கக் கூடாது; முக்கியமானதை முதல் பத்தியில் வைக்க வேண்டும்.

காரைக்காலில் காலை எட்டு மணிக்குக் காவல் நிலையம், ஒன்பதரைக்கு அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, பதினோரு மணிக்கு ஆட்சியர் அலுவலகம். மீன்பிடித் தடை இல்லாத மாதங்களில் இவற்றுக்கெல்லாம் முன்னால் காரைக்கால்மேட்டில் மீன் ஏலம். மதியம் தருமபுரத்தில் என் மாடி அறையில் உட்கார்ந்து, கார்பன் தாள் வைத்து, ஒரு பக்கம் மட்டும், வரிக்கு வரி இடம் விட்டு எழுதுவேன். ஆறு மணிக்குள் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் ஃபேக்ஸ். படம் இருந்தால் உறையில் போட்டுத் திருச்சிப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுக்க வேண்டும். அதன் பிறகு யாரிடமும் பேசவேண்டிய அவசியம் இல்லை. நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போவேன்.

திருச்சியில் எங்கள் செய்தி ஆசிரியர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெளியூர்ச் செய்தியாளர்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். சீர்காழி, மன்னார்குடி, காரைக்கால். தொலைபேசியில் முதல் கேள்வி "என்ன செய்தி?" என்பதாக இருக்காது. "எத்தனை வரி?" என்பார். மேசையில் ஓர் எஃகு அளவுகோல் இருக்கும். பக்கத்தில் இடம் குறைந்தால் செய்தித் தாளின் மேல் அதை வைத்து, கீழ்ப்பக்கத்தைக் கிழித்துவிடுவார். நான் மெய்ப்புப் பார்த்த காலத்தில் ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிமிராமல் சொன்னார்:

"அடியில வெட்டறதுக்குப் படிக்க வேண்டியதில்ல. வேற எங்க வெட்டினாலும் படிக்கணும். படிக்க எனக்கு நேரம் கிடையாது. அடியில எதையாவது வச்சா அது எனக்கு வரலன்னு நினைச்சுக்க."

இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

சுனாமிக்குப் பின் வந்த மூன்றாவது கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விழிதியூர் டீக்கடைக்காரர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணே, பழைய செங்கல் சூளைப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேக்குது."

"நிறையக் கேக்குதா?"

"இல்லண்ணே, ரொம்ப நிதானமா கேக்குது. ஒண்ணு கேட்டு அடுத்தது கேக்கறதுக்குள்ள நாலு டீ ஆத்திடலாம்."

டி.வி.எஸ். வண்டியில் போனேன். சூளை கைவிடப்பட்டு வருடங்கள் ஆகியிருந்தன. களிமண் வெட்டியெடுத்த பள்ளம் இரண்டு ஆள் ஆழத்துக்கு, செங்குத்தான மண் சுவரோடு கிடந்தது. பள்ளத்தின் வாயில் மூங்கில் கழி நட்டு அதில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தது. உள்ளே விசில் மூன்று முறை ஒலித்தது. பிறகு ஓர் ஆண் குரல்: "ஃபயரர், லோட்." சிறிது நேரம் ஒன்றும் இல்லை. "ரேஞ்ச் க்ளியர். ஃபயர்." அடுத்து வெடி. வெள்ளைப் புகை மேலே எழுந்து, போக மனமில்லாததுபோல் பள்ளத்துக்குள்ளேயே நின்றது. ஏழெட்டுப் பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஒருவர்தான் இருந்தார்.

அரைக்கை வெள்ளைச் சட்டை, காக்கிக் கால்சட்டை, கேன்வாஸ் ஷூ. வயது அறுபத்தாறு என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெயர் மரியதாஸ். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகவும் என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் பாதிப் பேருக்கு அவர் என்.சி.சி. சார்தான். மனைவி இறந்து நான்கு ஆண்டுகள். ஒரே மகள் கல்யாணம் ஆகிப் பிரான்சில் இருந்தார்.

நான் நிருபர் என்று சொன்னதும், கேட்காமலேயே சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். துப்பாக்கி உரிமம், இந்தப் பள்ளத்தில் ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை இலக்குப் பயிற்சி செய்யலாம் என்ற அனுமதிக் கடிதம், இடத்துக்காரரின் சம்மதக் கடிதம். மூன்றையும் படித்துவிட்டுக் கொடுத்தேன்.

"யாருக்கு சார் ஆர்டர் போடறீங்க?"

"ஆர்டர் இல்லாம சுடக்கூடாதுங்க. போட ஆளில்ல. நானே போட்டுக்கறேன்."

துப்பாக்கி புதியது. உரிமத்துக்காகப் பதினான்கு மாதம் நடந்து, திருச்சியில் ஓர் ஆயுதக் கடையில் எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தோட்டா போடும் வகை இல்லை. வாய் வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் பழைய முறை. ஆனால் குழலுக்குள் திருகு திருகாக வரிகள் வெட்டியிருந்தது. அதனால் அது ரைபிள். குண்டைச் சுழற்றி நேராக அனுப்புவது அந்த வரிகள்தான் என்றார். குழலை வானத்துக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். உட்புறம் கண்ணாடி மாதிரி இருந்தது. வரிகள் சுழன்று போய் வெளிச்சத்தில் முடிந்தன.

அன்று அவர் சுட்டதை வரிசையாகக் குறித்துக்கொண்டேன். பித்தளை அளவுக் குப்பியில் கருமருந்தை நிரப்பி, விரலால் வழித்து, குழலில் கொட்டினார். பழைய வேட்டியிலிருந்து வட்டமாக வெட்டி எண்ணெயில் ஊறவைத்த துணி ஒன்றைக் குழல்வாயில் வைத்தார். அதன்மேல் ஈயக்குண்டு. காரைக்கால்மேட்டில் வலைக்குக் கட்டும் ஈயத்தை வாங்கி உருக்கி அவரே வார்த்தது. குட்டைக் கட்டையால் ஓர் அழுத்து. பிறகு நீளக் கம்பியால், கம்பியில் கீறிய கோடு குழல்வாயைத் தொடும் வரை இடித்து இறக்கினார். கடைசியாகத்தான் பின்னால், மருந்துக்குத் தீ வைக்கும் செம்புக் கேப்பு. உத்தரவு, வெடி. புகை விலகும்வரை நின்றார். ஐம்பது மீட்டர் நடந்து போய், காலண்டர் தாளின் பின்பக்கம் மையால் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்தார். திரும்பி வந்து ஈரத்துணியைக் குழலுக்குள் ஒருமுறை விட்டு எடுத்தார். மறுபடி மருந்து. ஐந்து குண்டும் ஒரு டீ சாஸருக்குள் அடங்கியிருந்தன.

"இதைவிடச் சுலபமா துப்பாக்கி இருக்கே சார்."

"இருக்கு. பத்து நிமிஷத்துல சுட்டு முடிச்சிரலாம். அப்பறம் என்ன பண்றது, சொல்லுங்க."

சுட்டு முடித்ததும் ஸ்டவ்வில் கெட்டிலை வைத்தார். கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்றினார். கறுப்பாக வந்தது. தெளிவாக வரும்வரை ஊற்றினார். துணி விட்டுத் துடைத்து, எண்ணெய் பூசினார். கருமருந்தின் கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்றும், ஒரு நாள் அப்படியே விட்டால் உள்ளே துரு ஏறும் என்றும் சொன்னார். "நம்ம ஊர் காத்துல உப்பு வேற."

துப்பாக்கியை அவர் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். செய்தி ஒன்றும் இல்லை. போகவேண்டும் போலிருந்தது, போனேன். இரண்டு மணி நேரத்தில் நாங்கள் பேசுவது இருபது வாக்கியம் இருக்கும். ஒன்பதரைக்கு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புறப்படுவார். பத்து மணிக்கு மகளின் தொலைபேசி வரும்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நெருங்கியது. சனிக்கிழமை கையில் செய்தி இல்லை. அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டிருந்தேன். யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்:

"எழுதுங்க. அனுமதி வாங்கித்தான் சுடறேன்கிறதை மட்டும் விட்டுடாதீங்க."

விடவில்லை. முப்பது வரி எழுதினேன். எனக்கு அந்த வேலையில் வாய்க்காத ஒரு சந்தோஷம் அன்று எழுதும்போது இருந்தது. அதனால் வழக்கமான முறையில் தொடங்கவில்லை. சத்தத்தில் தொடங்கினேன். படிக்கிறவர் முதலில் திகைக்கட்டும், பிறகு பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்து நான் பார்த்ததைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். என்.சி.சி. சார், உரிமம், அனுமதி எல்லாம் இரண்டாம் பாதியில் வந்தன. அனுமதி கடைசிப் பத்தியில்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பேருந்து நிலையத்தில் பத்திரிகைக் கட்டைப் பிரித்தபோது, எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி திருவிழா வாழ்த்து விளம்பரங்கள். ஓர் ஓரத்தில் இது இருந்தது:

"விழிதியூரில் துப்பாக்கிச் சத்தம்: பொதுமக்கள் அச்சம். காரைக்கால் மாவட்டம் விழிதியூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை நேரத்தில் துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்கிறது. பழைய செங்கல் சூளை ஒன்றிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒரு முறை எழும் இந்தச் சத்தத்தால் மரங்களில் உள்ள கொக்குகள் கலைந்து பறக்கின்றன. அப்பகுதியில் ஆடு மேய்ப்பவர்கள் முதலில் திடுக்கிட்டதாகக் கூறினர். சத்தம் வரும் இடத்தில் புகையும் எழுகிறது."

அவ்வளவுதான். தலைப்பு நான் போட்டதல்ல. மற்ற ஒவ்வொரு சொல்லும் என்னுடையது.

நான் விழிதியூர் போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். ஜீப் நின்றிருந்தது. உதவி ஆய்வாளர் கையில் எங்கள் பத்திரிகை, மடித்தபடி. கூட வந்த ஏட்டு ராஜேந்திரன் ஒரு காலத்தில் என்.சி.சி. சாரிடம் பயிற்சி பெற்றவர். அட்டென்ஷனில் நின்றார். நிற்கவேண்டியதில்லை, ஆனாலும் நின்றார். அதுவரை ஒன்பது குண்டு சுடப்பட்டிருந்தது.

உதவி ஆய்வாளர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், காலையிலயே மேலேர்ந்து ஃபோன். திருவிழா நேரத்துல ஊர் பயப்படுதுன்னு பேப்பர்ல வந்துருச்சு. உங்க பேப்பர்ஸ் சரியா இருக்கு. ஆனா அனுமதி குடுத்த அதிகாரி மாறிப் போயிட்டாரு. ஆபீஸ் ஃபைலோட ஒத்துப் பாக்குற வரைக்கும் துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்கட்டும்."

"எடுத்துட்டுப் போங்க. பத்து நிமிஷம் குடுங்க, கழுவிட்டுத் தர்றேன்."

"கழுவக் கூடாது சார். இருக்கறபடி கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. கழுவினா தடயத்த அழிச்சிட்டோம்னு நாளைக்கு எங்களத்தான் கேப்பாங்க."

"சுட்டேன்னு நானே எழுதித் தர்றேன் தம்பி. கழுவலன்னா குழல் போயிடும்."

"ஆர்டர் சார்."

ஆர்டர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். குழலில் ஒன்றும் இல்லை என்று காட்டினார். துப்பாக்கியைக் கிடையாகப் பிடித்து இரண்டு கையாலும் கொடுத்தார். ராஜேந்திரன் அதை வாங்கியபோது, "வாய் கீழ பாக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜீப் போனதும் அதை அணைத்தார்.

என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள கழுவிட்டாப் போதும். முடியுமான்னு பாருங்க" என்றார். செய்தியைப் பற்றிக் கேட்கவில்லை.

முடியுமா என்று பார்த்தேன். ஞாயிறு, ஆட்சியர் அலுவலகம் இல்லை. திங்கள், திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. காவல் நிலையத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். தேரோடும் வீதியில் வீட்டு மாடிகளிலிருந்து வேண்டுதலுக்காக இறைக்கும் மாம்பழங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. கீழே ஆயிரம் கைகள். அந்தக் கூட்டத்துக்குள் உரிமப் பிரிவு எழுத்தரைத் தேடிக்கொண்டு போனேன். கண்டுபிடித்தும் விட்டேன். முந்தானையில் இரண்டு மாம்பழத்தோடு நின்றிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "புதன்கிழமை வாங்க சார். சாமி ஊர்வலத்துல ஃபைல் கேக்கறீங்களே" என்றார். என் தோளில் ஒரு பழம் விழுந்தது. திருவிழாவைப் பற்றி அன்று மாலை நாற்பது வரி எழுதி அனுப்பினேன். முழுதாக வந்தது.

செவ்வாய்க்கிழமை நிலையத்தில் துப்பாக்கியைப் பார்த்தேன். பிடிபட்ட சாராயக் கேன்கள் அடுக்கிய அறையில், கழுத்தில் அட்டை கட்டிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். குழல்வாயின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு. ராஜேந்திரன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"உள்ள ரெண்டு சொட்டு எண்ண விட்டுடட்டுமாண்ணே? யாரும் பாக்க மாட்டாங்க. சாரக் கேட்டுச் சொல்லுங்க."

மாதாகோயில் பக்கத்தில் இருந்த மரியதாஸ் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் உடனே மறுத்தார்.

"வேணாம்னு சொல்லுங்க. தடயம்னு அட்டை கட்டியிருக்கு. அதுல கை வச்சது தெரிஞ்சா அவன் வேலைக்குச் சிக்கல். ரெண்டு பொண்ணு வச்சிருக்கான்."

புதன்கிழமை எழுத்தர் கோப்பை எடுத்தார். அனுமதிக் கடிதத்தின் நகல் அதிலேயே இருந்தது. எல்லாம் சரி என்றார். ஆனால் கோப்பின் மேல் எங்கள் செய்தியின் நறுக்கு குத்தியிருந்தது.

"இது இருக்கறப்ப துணை ஆட்சியர் கையெழுத்துப் போட மாட்டாரு சார். பொதுமக்கள் அச்சம்னு இருக்குல்ல. விசாரணை, அறிக்கைன்னு ஒரு மாசம் போகும். உங்க பேப்பர்லயே மறுப்பு மாதிரி ஒண்ணு வந்தா, அதையும் பக்கத்துல வச்சு அன்னிக்கே அனுப்பிருவேன்."

ஜெராக்ஸ் கடையிலிருந்து திருச்சிக்குப் பேசினேன்.

"சொல்லு காரைக்கால். எத்தனை வரி?"

சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

"புகை வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஆடு மேய்க்கிறவன் திடுக்கிட்டானா?"

"முதல் நாள் திடுக்கிட்டான்."

"முதலில்னுதான் போட்டிருக்கு. அப்ப எதைத் திருத்தறது? தப்பு இருந்தாத்தான் திருத்தம். இல்லாத தப்ப எப்பிடிப் போடறது?"

வைத்துவிட்டார். வியாழக்கிழமை அதிகாலைப் பேருந்தில் திருச்சிக்குப் போனேன். விடுப்புச் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு முறைதான். கார்பன் நகலை அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முப்பது வரியையும் படித்தார். என் செய்தி ஒன்றை அவர் கடைசிவரை படித்ததை நான் நேரில் பார்த்தது அதுவே முதல் முறை. முடித்துவிட்டு அனுமதி பற்றிய பத்தியின் மேல் விரலை வைத்தார்.

"இதை ஏன் இங்க வச்ச?"

பதிலையும் அவரே சொன்னார்:

"நல்லா வரணும்னு வச்ச."

"ஆமாம் சார்."

"இருபது வருஷமா உனக்குத் தெரியும், நான் எங்க வெட்டுவேன்னு."

"தெரியும் சார்."

அளவுகோலை எடுத்து, பதினோராவது வரிக்குக் கீழே வைத்து, மேல்பாதியைக் கிழித்துக் கூடையில் போட்டார். மிச்சம் பத்தொன்பது வரி. முதலில் இருந்த 'ஆனால்' என்ற சொல்லை அடித்தார். "திருத்தம்னு போட மாட்டேன். செய்தியாப் போடறேன். நாளைக்கு வரும்" என்றார். நான் வாசல் வரை போனதும், "சாப்டுட்டுப் போ, காரைக்கால்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. "இலக்குப் பயிற்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்" என்பது தலைப்பு. எழுத்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று மதியமே கோப்பு மேலே போனது. துணை ஆட்சியர் கூட்டம் ஒன்றுக்காகப் புதுச்சேரி போயிருந்தார். சனி, ஞாயிறு. கையெழுத்துத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆனது. கழுவாமல் எட்டு நாள்.

நிலைய வளாகத்திலேயே கழுவ மரியதாஸ் அனுமதி கேட்டார். உதவி ஆய்வாளர் சரி என்றார். எதிர் டீக்கடை பாய் ஒரு கெட்டில் நிறையக் கொதிநீர் கொடுத்தனுப்பினார். "இன்னும் வேணும்னா குரல் குடுங்க சார், அடுப்புலதான் இருக்கு" என்று சாலைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். மரியதாஸ் வேப்பமரத்தடியில் குழலைச் சாய்த்து ஊற்றினார். முதலில் கறுப்பு. பிறகு பழுப்பு. பிறகு சிவப்பு. இரண்டாவது கெட்டில் வந்தது. சிவப்பு நிற்கவில்லை. கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டார். போகும்போது வழுக்கிக்கொண்டு போகவேண்டியது, தடுக்கித் தடுக்கிப் போனது. வெளியே எடுத்தபோது துணி நூல் நூலாகக் கிழிந்திருந்தது.

குழலை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். என்னிடம் கொடுத்தார். கண்ணாடியாக இருந்த இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். வரிகள் பாதி தூரம்வரை தெரிந்தன.

ராஜேந்திரன் கேட்டார்: "சரியாயிடுமா சார்?"

"வெடிக்கும். அதுல ஒண்ணும் குறையில்ல" என்றார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். மூவருக்கும் நன்றி சொன்னார். அந்த மூவரில் நானும் ஒருவன்.

அடுத்த ஞாயிறு போவதா வேண்டாமா என்று இருந்தது. போனேன். அவர் எப்போதும்போல் துண்டைக் கட்டி, விசில் ஊதி, ஐந்து குண்டு சுட்டார். ஒன்று தாளில் படவே இல்லை. மற்றவை நான்கு மூலைக்கும் போயிருந்தன. எண்ணெய்த் துணி உள்ளே கிழிந்துவிடுவதால் குண்டு சுழலாமல் போகிறது என்று விளக்கினார். வகுப்பில் சொல்லும் குரலில் சொன்னார். பிறகு ஆறாவதை நிரப்பி என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க, நீங்க சுடுங்க."

"வேணாம் சார். லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு."

"நான்தான் பக்கத்துல நிக்கிறேனே. குழல் கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் யார் கையிலயும் குடுக்கல. இனிமே யார் சுட்டாலும் ஒண்ணுதான்."

சுட்டேன். தோளில் அடித்தது. குண்டு எங்கே போனது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை வரும்வரை அப்படியே நடந்தது. அவர் நிரப்புவார், நான் சுடுவேன். அளவுக் குப்பியை விரலால் வழிப்பதில், கம்பியின் கோடுவரை இடிப்பதில், ஒன்றிலும் அவர் குறை வைக்கவில்லை. பயனில்லாத குழலை ஒவ்வொரு ஞாயிறும் கொதிநீர் ஊற்றிக் கழுவினார். மழையில் பள்ளம் நிறைந்தது. அடுத்த தை மாதம் மகள் வந்து அவரைப் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டு போனார். துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அங்கிருந்து எனக்கு இரண்டு கடிதம் வந்தது. இரண்டிலும் குளிரைப் பற்றி எழுதியிருந்தார்.

மழைக்கு முந்தைய கடைசி ஞாயிறன்று நான் அதைக் கேட்டேன். நான்கு மாதமாக நாக்கு நுனியில் இருந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு போடச் சொன்னீங்க. அனுமதி அன்னிக்கு ஏன் வரலன்னு ஒரு தடவைகூட நீங்க என்கிட்ட கேக்கலியே."

அவர் மருந்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். கொட்டி முடித்தார். துணியை வைத்தார். குண்டை வைத்து அழுத்தினார். கம்பியை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"கேட்டிருந்தா நீங்க அடுத்த ஞாயித்துக்கிழமை வந்திருப்பீங்களா?"

இடித்து இறக்கி, கேப்பை வைத்து, துப்பாக்கியை என்னிடம் கொடுத்தார்.